தென்னாப்பிரிக்கச் சுற்றுலா: முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

டிக்கெட் எடுத்து, ஓட்டல் பதிவு செய்து, விசாவும் கைக்கு வந்த பிறகுதான் பெரும்பாலானவர்கள் என்னிடம் வருகிறார்கள். "டாக்டர், அடுத்த வெள்ளிக்கிழமை தென்னாப்பிரிக்கா கிளம்புறோம். ஏதாவது ஊசி போடணுமா?" வெளிநாடு போகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் பொது மருத்துவரான எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று. ஊசியைப் பற்றி அரை மணி நேரத்தில் பேசி முடித்துவிடலாம். எந்த மாதம் போகிறீர்கள், எந்தக் காட்டுக்குப் போகிறீர்கள், எந்த ஊர் வழியாகத் திரும்பி வருகிறீர்கள் என்று நான் கேட்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. மூன்றுமே அதற்குள் முடிவாகியிருக்கும், மூன்றுக்கும் பணம் கட்டியிருப்பார்கள்.

குடும்பங்கள் திட்டமிடும் வரிசை பொதுவாக இப்படித்தான்: லீவு எப்போது, டிக்கெட் எப்போது மலிவு, அப்புறம் எங்கெல்லாம் போவது, கடைசியில் உடம்பு. பாரிஸுக்கோ சிங்கப்பூருக்கோ போக இது போதும். கடலும் காடும் சேர்ந்த தென்னாப்பிரிக்கப் பயணத்துக்கு இந்த வரிசை சரிப்படாது. அங்கே மலேரியா மாத்திரை வேண்டுமா, இரண்டு வயதுக் குழந்தையைக் கூட்டிப் போகலாமா, கர்ப்பமான மருமகள் வரலாமா என்பதையெல்லாம் நீங்கள் தேர்ந்தெடுக்கும் மாதமும் காடும்தான் தீர்மானிக்கின்றன.

எந்தக் காடு, எந்த மாதம்

தென்னாப்பிரிக்கா முழுவதும் மலேரியா இல்லை. கேப்டவுன், கார்டன் ரூட் என்ற தெற்குக் கடலோரப் பகுதி, ஜோஹன்னஸ்பர்க், டர்பன் ஆகியவற்றில் அந்தக் கவலையே வேண்டாம். நாட்டின் வடகிழக்கு ஓரத்தில்தான் நோய் பரவுகிறது: லிம்போபோ, ம்புமலங்கா மாகாணங்களின் தாழ்வான பகுதிகள், குவாசுலு-நட்டாலின் வடகோடி. மொசாம்பிக் எல்லையை ஒட்டிய பகுதிகள் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். அந்த எல்லையை ஒட்டியேதான் க்ரூகர் தேசியப் பூங்காவும் இருக்கிறது. கிட்டத்தட்ட 20,000 சதுர கி.மீ. பரப்பு, சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை என்று ஐந்தையும் பார்க்க எல்லோரும் போகும் இடம். அது மலேரியாப் பகுதி.

பரவும் காலம் செப்டம்பரிலிருந்து மே வரை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் அங்கே குளிர்காலம். அப்போது கொசு வெகுவாகக் குறைந்துவிடும், அடியோடு இல்லாமல் போகாது. விலங்குகளைப் பார்க்க ஏற்ற காலமும் அதுதான். மழை நின்று, புல் காய்ந்து, மரங்கள் இலை உதிர்த்திருக்கும். குடிக்கத் தண்ணீர் தேடி எல்லா விலங்குகளும் குட்டைகளுக்கு வந்தாக வேண்டும். அதே மாதங்களில் குவாசுலு-நட்டால் கடலோரமாகத் திமிங்கிலங்களும் வடக்கு நோக்கிப் போகும். காட்டுக்கும் கடலுக்கும் உடம்புக்கும் ஒரே நேரத்தில் ஒத்துவரும் மாதங்கள் இவை.

சிக்கல் நம் பள்ளிக்கூடங்களில் இருக்கிறது. அந்த மூன்று மாதங்களில் நம் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். நமக்கு லீவு கிடைப்பது காலாண்டு, அரையாண்டு, கோடை. அரையாண்டு விடுமுறையில் போனால் அங்கே நடுக்கோடை. மழை, ஆள் உயரப் புல், காட்டுக்குள் சிதறிப்போன விலங்குகள், கொசு, அத்தனையும் சேர்ந்து வரும். அவர்களுக்கும் அப்போது பள்ளி விடுமுறை என்பதால் கடற்கரை விடுதிகள் நிரம்பி வழியும், விலையும் ஏறியிருக்கும். காலாண்டு விடுமுறை வரும் செப்டம்பர் கடைசி விலங்கு பார்க்க அருமையான நேரம், ஆனால் பரவும் காலம் தொடங்கியிருக்கும். மே மாதம் பரவாயில்லை. மழை நின்று புல் காயத் தொடங்கியிருக்கும். இருந்தாலும் பரவும் காலத்தின் வால் பகுதி அது.

அதனால் நான் குடும்பங்களை இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவேன். பள்ளிப் பிள்ளைகள் இல்லாத தம்பதிகள், ஓய்வுபெற்ற பெற்றோர் எல்லாம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போங்கள், தாராளமாக க்ரூகருக்கே போங்கள். பிள்ளைகளோடு மே மாதத்திலோ டிசம்பரிலோதான் போக முடியும் என்றால் காட்டை மாற்றுங்கள்.

காட்டை மாற்றச் சொன்னதும் பலருக்கு முகம் வாடிவிடும். க்ரூகர் என்ற பெயருக்கு அவ்வளவு மவுசு. ஆனால் கிழக்குக் கேப் மாகாணத்தில், போர்ட் எலிசபெத் என்று பழைய பெயரால் நாம் அறிந்த ஊருக்குப் பக்கத்திலேயே அடோ யானைத் தேசியப் பூங்கா இருக்கிறது. 1931-இல் வெறும் 11 யானைகளைக் காப்பாற்றத் தொடங்கிய பூங்கா அது; இன்று 600-க்கும் மேல். சிங்கமும் காண்டாமிருகமும் உண்டு. பூங்காவின் ஒரு பகுதி கடலுக்குள்ளேயே நீள்வதால் திமிங்கிலத்தையும் பெரிய வெள்ளைச் சுறாவையும் சேர்த்து ஏழு பெரிய விலங்குகள் என்று அவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். மலேரியா கிடையாது. கேப்டவுனில் ஆரம்பித்து கார்டன் ரூட் கடற்கரைகள் வழியாகக் காரில் வந்து அடோவில் முடிக்கலாம். கடலும் காடும் ஒரே பாதையில், மாத்திரை இல்லாமல். ஜோஹன்னஸ்பர்க் பக்கம்தான் தங்க வேண்டும் என்றால் பிலான்ஸ்பெர்க், மடிக்வே இரண்டும் மலேரியா இல்லாத பகுதிகள். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ உடன் வந்தால் இந்தக் காடுகளைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைப்பதில்லை.

டர்பன் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. வடக்கே சில மணி நேரக் கார் பயணத்தில் ஷ்லுஷ்லுவே-இம்ஃபொலோசி. 1895-இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட, ஆப்பிரிக்காவின் மிகப் பழைய காப்பகங்களில் ஒன்று. அழியும் நிலையில் இருந்த வெள்ளைக் காண்டாமிருகத்தை மீட்ட இடமும் இதுதான். அங்கிருந்து கிழக்கே செயின்ட் லூசியா, இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்கா, கேப் விடால் கடற்கரை. இங்கே மலேரியா அபாயம் குறைவு. பெரும்பாலும் கொசுக்கடியைத் தவிர்த்தாலே போதும். இன்னும் வடக்கே, மொசாம்பிக் எல்லையில் இருக்கும் கோசி பே பக்கம் போகப் போக நிலைமை மாறும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை தோல்முதுகு ஆமையும் பெருந்தலை ஆமையும் அந்தக் கரைகளில் முட்டையிட ஏறி வரும். அதை இரவில்தான் பார்க்க முடியும். மலேரியாக் கொசு கடிப்பதும் பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரைதான். ஆமை பார்க்கப் போகிறோம் என்று சொன்னால் என்னுடைய ஆலோசனை மாறிவிடும். தயவுசெய்து அதை மறக்காமல் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பயண ஏஜெண்டுகள் கடைசி நேரத்தில் ஒட்டவைக்கும் இணைப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "க்ரூகர் முடிச்சு மூணு நாள் மொசாம்பிக் பீச்" என்பார்கள், அல்லது விக்டோரியா அருவி என்பார்கள். மொசாம்பிக்கில் நாடு முழுவதும், ஆண்டு முழுவதும் மலேரியா உண்டு. விக்டோரியா அருவிப் பகுதியும் மலேரியாப் பகுதிதான். ஜூலையில் போகிறோம், பயமில்லை என்று போட்ட கணக்கு இந்த மூன்று நாட்களில் அடிபட்டுப் போகும்.

"எனக்கு சின்ன வயசுலயே மலேரியா வந்திருக்கு"

அறுபதைத் தாண்டியவர்கள் சிரித்துக்கொண்டே இதைச் சொல்வார்கள். சென்னையில் வளர்ந்தவர்களுக்கு மலேரியா புதிதல்ல என்பது உண்மைதான். ஆனால் சென்னையில் பெரும்பாலும் பார்ப்பது வைவாக்ஸ் வகை. குளிரும், நடுங்கும், வியர்க்கும், குளோரோகுயின் என்ற மலேரியா மருந்தில் அடங்கும். தென்னாப்பிரிக்காவில் பரவுவது ஏறக்குறைய முழுவதும் ஃபால்சிபாரம். மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி ஓரிரு நாட்களில் ஆளை வீழ்த்தக்கூடிய வகை இது, குளோரோகுயினுக்கு அடங்காது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் வந்துபோன வைவாக்ஸ் இதற்கு எந்தப் பாதுகாப்பும் தராது. மலேரியா தொடர்ந்து பரவும் ஊரில் வாழ்கிறவர்களுக்குக்கூட எதிர்ப்பு ஓரளவுதான் இருக்கும், ஊரை விட்டு விலகியதும் அதுவும் குறைந்துவிடும்.

தடுப்பு மாத்திரைகளில் மூன்று வகை உண்டு. அடோவாகுவோன்-ப்ரோகுவானில் கூட்டு மாத்திரையை மலேரியாப் பகுதிக்குள் நுழைவதற்கு ஓரிரு நாட்களுக்கு முன் தொடங்கி, தினம் ஒன்று, வெளியே வந்த பிறகு 7 நாள் வரை போட வேண்டும். விலை அதிகம், நம்மூரில் எல்லாக் கடையிலும் கிடைக்காது. அதனால்தான் முன்கூட்டியே வரச் சொல்கிறேன். டாக்சிசைக்ளின் மலிவு, எங்கும் கிடைக்கும். அதையும் ஓரிரு நாள் முன் தொடங்கி, தினமும், வெளியே வந்த பிறகு 4 வாரம் தொடர வேண்டும். 8 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதில்லை. கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு இதில் இன்னொரு தொல்லை உண்டு. இதைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் சீக்கிரம் வெந்துபோகும். க்ரூகர் முடித்து டர்பன் கடலில் இரண்டு நாள் என்றால், அந்த இரண்டு நாளும் மாத்திரை உடம்பில் இருக்கும். முழுக்கைச் சட்டை, தொப்பி, சன்ஸ்கிரீன் மூன்றும் வேண்டும். மாத்திரையை வெறும் வயிற்றில் போடாமல், நிறையத் தண்ணீர் குடித்து, உடனே படுக்காமல் இருங்கள். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். மூன்றாவது மெஃப்ளோகுயின், வாரம் ஒரு முறை. மனநலச் சிகிச்சையில் இருந்தவர்களுக்கும் வலிப்பு உள்ளவர்களுக்கும் ஆகாது. கிளம்புவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே தொடங்கினால்தான் ஒத்துக்கொள்கிறதா என்று தெரியும். வெள்ளிக்கிழமை விமானம், செவ்வாய்க்கிழமை ஆலோசனை என்றால் இந்த வழி அடைபட்டுவிடும்.

நடைமுறையில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது. "காட்டை விட்டு வந்தாச்சே டாக்டர், கடற்கரையில ஏது மலேரியா?" கடைசி நாள் காட்டில் கடித்த கொசு செலுத்திய கிருமி ஏறக்குறைய ஒரு வாரம் கல்லீரலில் பதுங்கி வளர்ந்து, அதன் பிறகுதான் ரத்தத்துக்கு வரும். மாத்திரையைத் தொடரச் சொல்வது அதற்காகத்தான்.

மாத்திரை போட்டாலும் கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பூச வேண்டியது டீட் என்ற கொசுவிரட்டி மருந்து உள்ள களிம்பு அல்லது ஸ்பிரே. லேபிளில் 20 முதல் 50 சதவீதம் இருக்கிறதா என்று பாருங்கள். நம்மூரிலிருந்து சுமந்து போக வேண்டியதில்லை. அங்கே சூப்பர் மார்க்கெட்டிலேயே டபார்ட், பீஸ்ஃபுல் ஸ்லீப் என்ற பெயர்களில் கிடைக்கும். சன்ஸ்கிரீன் முதலில், அது காய்ந்த பிறகு இது.

மலிவு டிக்கெட் எந்த வழியாக வருகிறது

கொசுவால் பரவும் வைரஸ் நோயான மஞ்சள் காய்ச்சல் தென்னாப்பிரிக்காவில் இல்லை. அப்படியிருந்தும் நம்மவர்கள் சிக்கிக்கொள்வது இதில்தான். காரணம் டிக்கெட். சென்னையிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்கு விலை குறைவாகக் கிடைக்கும் வழிகளில் அடிஸ் அபாபாவும் நைரோபியும் அடக்கம். எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் பரவக்கூடிய நாடுகள். அந்த நாடுகளின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் இடைத்தங்கினால் தென்னாப்பிரிக்கா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். திரும்பி வரும்போது இந்தியாவும் கேட்கும். விமான நிலையத்தை விட்டு வெளியே போகாமல் மாறி வந்தவர்களுக்கு விலக்கு உண்டு என்றாலும் அது சுகாதார அதிகாரி ஒத்துக்கொண்டால்தான். சான்றிதழ் இல்லாதவர்களை 6 நாள் வரை தனிமைப்படுத்த இங்கே விதி இருக்கிறது. கென்யாவின் மசாய் மாரா காட்டையும் கேப்டவுனையும் ஒரே பயணத்தில் சேர்ப்பவர்கள் தடுப்பூசி போடாமல் கிளம்பவே முடியாது.

இந்த ஊசியை என்னைப் போன்ற தனியார் மருத்துவர்கள் போட முடியாது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் நிலையமும் துறைமுக சுகாதார அலுவலகமும் இருக்கின்றன. நினைத்த நாளில் போட்டுக்கொள்ள முடியாது, முன்பதிவு செய்துகொண்டு போங்கள். போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். இது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ் ஊசி. நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்குப் போடக் கூடாது. 60 வயதுக்கு மேல் முதன்முறையாகப் போடுகிறவர்களுக்கு அரிதாகக் கடுமையான பக்கவிளைவு வரலாம். எழுபது வயது அப்பாவுக்கு டிக்கெட்டில் சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய் இந்த ஊசிக்கு நிறுத்துவதைவிட, துபாய், தோஹா வழியாக எடுங்கள் என்பதே என் பதில்.

மற்ற ஊசிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் ஆகியவை போட்ட காலம் பார்க்க வேண்டும். ஜூன், ஜூலையில் போகிறவர்கள் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள்; அவர்களுக்கு அது ஃப்ளூ காலம். இரண்டு வாரம் முன்பே போட்டால்தான் பயன்.

கடல்

காட்டைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்பவர்கள் கடலைப் பற்றிக் கேட்பதே இல்லை. மெரினா பார்த்து வளர்ந்த நமக்குக் கடல் பழகின இடம். முழங்கால் ஆழத்தில் சேலையோடும் பேண்டோடும் நின்று அலையில் நனைவதுதான் நம் கடல் குளியல். நீச்சல் தெரிந்தவர்கள் குறைவு. அந்தப் பழக்கத்தோடு இந்தியப் பெருங்கடலில் இறங்கும்போதுதான் ஆபத்து.

டர்பன் கடலுக்கு வெதுவெதுப்பான அகுல்ஹாஸ் நீரோட்டம் துணை. குளிர்காலத்திலும் தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் இருக்கும். நகரக் கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவே மட்டும் இறங்க வேண்டும். சுறா பயம் எல்லோருக்கும் உண்டு. 1952-லிருந்தே டர்பனில் சுறா வலைகள் போட்டிருக்கிறார்கள். அவை சுவர் மாதிரி அடைப்பவை அல்ல, அந்தப் பக்கம் வரும் சுறாக்களைக் குறைப்பவை. வடக்கே செயின்ட் லூசியா, கேப் விடால் பக்கம் வலையே கிடையாது. ஆனால் சுறாவைவிட அதிகம் பேரைக் கொல்வது கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துப் போகும் நீரோட்டம். அலைகள் உடைந்து வெள்ளையாக நுரைக்கும் இடங்களுக்கு நடுவே ஒரு துண்டு மட்டும் அமைதியாக, கருமையாகத் தெரியும். பார்க்கப் பாதுகாப்பான இடம் போலத் தோன்றும், இழுப்பது அங்கேதான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்திப் போராட வேண்டாம், சில நிமிடங்களில் களைத்துவிடுவீர்கள். மிதந்தபடி கையை உயர்த்துங்கள். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாக நீந்தி இழுப்பிலிருந்து விலகுங்கள். கரையில் நிற்பவர் காப்பாற்றுகிறேன் என்று வெறுங்கையோடு குதிக்கக் கூடாது. பல கடற்கரைகளில் தேசியக் கடல் மீட்பு நிறுவனம் கம்பத்தில் இளஞ்சிவப்பு மிதவைகளைத் தொங்கவிட்டிருக்கும். அவை அலங்காரத்துக்கு அல்ல, அதை எடுத்து வீசலாம்.

டர்பனில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நகரத்தின் கழிவுநீர்க் கட்டமைப்பு பலத்த சேதமடைந்து, கடல் நீரில் ஈ.கோலை கிருமி கூடியதால் கடற்கரைகளை மூடிவைத்தார்கள். அதன் பிறகும் சில கரைகளைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. எந்தக் கரை திறந்திருக்கிறது என்று நகராட்சி வெளியிடும், ஓட்டலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மழை பெய்த மறுநாள் பிள்ளைகளை ஆற்று முகத்துவாரத்துப் பக்கம் இறக்க வேண்டாம்.

கேப்டவுன் கடல் வேறு ரகம். அட்லாண்டிக் பக்கம் நடுக்கோடையில்கூடத் தண்ணீர் 10, 15 டிகிரியில் இருக்கும். வங்காள விரிகுடாவில் குளித்துப் பழகிய உடம்பு அதில் திடீரென்று விழுந்தால் மூச்சு அடைக்கும். இதய நோய் உள்ளவர்கள் கால் நனைத்தால் போதும். பென்குவின் பார்க்கப் போகும் போல்டர்ஸ் கடற்கரைப் பக்கம் பாறைகளில் சீல்களும் படுத்திருக்கும். 2024-இல் அந்தச் சீல்களில் ரேபிஸ் இருப்பது உறுதியானது. கடல் விலங்குகளில் இப்படிப் பரவியது அதற்கு முன் கேள்விப்படாதது. போட்டோ எடுக்கக் கிட்டே போகாதீர்கள். கடித்துவிட்டால் நாய்க்கடிக்குச் செய்வதேதான்: 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியும், உடனடி எதிர்ப்பு தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும். குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்துப் பழகிய கைகளுக்கும் இது பொருந்தும். கேப் முனையில் பபூன் குரங்குகள் காருக்குள்ளேயே கையை விடும்.

குவாசுலு-நட்டாலின் வடக்கே இருக்கும் சொட்வானா விரிகுடாவில் ஸ்கூபா, அதாவது காற்றுக் கலத்தோடு கடலுக்குள் மூழ்கும் டைவிங், செய்யப் போகும் இளைஞர்கள் இப்போது நிறைய. டைவிங் செய்கிறவர்களுக்கு நான் மெஃப்ளோகுயின் எழுதுவதில்லை. அந்த மாத்திரையால் வரும் தலைசுற்றலையும் டைவிங்கால் வரும் தலைசுற்றலையும் பிரித்தறிவது கடினம். பல முறை மூழ்கிய பிறகு 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்பது பலருக்குத் தெரியும். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதாவது ஏற்காட்டைவிட உயரம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. காலையில் மூழ்கிவிட்டு மதியம் காரில் மலையேறுவதும் மூழ்கியவர் உடம்புக்கு உயரம்தான்.

செயின்ட் லூசியாவில் கடல் வேறு, கழிமுகம் வேறு. கழிமுகத்தில் நூற்றுக்கணக்கில் நீர்யானைகளும் முதலைகளும் இருக்கின்றன. அங்கே கால் வைப்பதே கூடாது. இரவில் நீர்யானைகள் புல் மேய ஊருக்குள்ளேயே, தெருவிலேயே நடக்கும். சாப்பிட்டுவிட்டு உலாத்தப் போகும் நம் பழக்கத்தை அங்கே மூட்டை கட்டி வைக்க வேண்டும்.

காட்டுக்குள் உடம்பு

வண்டியை விட்டு இறங்காதவரை சிங்கத்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. வண்டியில் உட்கார்ந்திருக்கும் சர்க்கரை நோயாளிக்கு ஆக வாய்ப்புண்டு. விலங்கு பார்க்கும் சவாரி விடியற்காலை ஐந்தரைக்கே கிளம்பும், மூன்று நான்கு மணி நேரம் ஓடும். இன்சுலின் போட்டுவிட்டு, காபியோடு ஏறிவிடுவார்கள். நடுக்காட்டில் சர்க்கரை இறங்கும்போது, குறிப்பிட்ட இடம் வரும் வரை வண்டியை விட்டு இறங்கவே முடியாது. காலை இன்சுலினைச் சாப்பாட்டோடு சேர்த்துத் தள்ளிப் போடுவது பற்றி முன்பே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். பையில் குளுக்கோஸ், பிஸ்கட், வாழைப்பழம் இருக்கட்டும். நேர வித்தியாசம் மூன்றரை மணி நேரம்தான், அதற்காக மருந்து வேளையைப் பெரிதாகக் குழப்ப வேண்டாம். திறந்த ஜீப்பில் ஜூலை விடியல் நன்றாகக் குளிரும். மூட்டுவலி, ஆஸ்துமா உள்ளவர்கள் கம்பளி இல்லாமல் ஏறாதீர்கள்.

சாப்பாட்டுக் கவலை வேண்டாம். பூங்கா முகாம்களில் சமையலறையோடு குடில்கள் கிடைக்கும், குக்கரும் அரிசியும் கொண்டு போனால் ரசம் சாதம் தயார். டர்பனில் அதுவும் தேவையில்லை. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டிரூரோ கப்பலில் போய் இறங்கிய கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர் அது. ரொட்டியைக் குடைந்து உள்ளே பீன்ஸ் குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌ, சைவர்களுக்கும் ஒரு நேரத்துக்குத் தாங்கும்.

ஏரி, அணை, ஆறு எதிலும் குளிக்க வேண்டாம், முதலைக்காக மட்டும் சொல்லவில்லை. நாட்டின் வடக்கு, கிழக்குப் பகுதி நன்னீரில் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி இருக்கிறது. தண்ணீரில் நின்றாலே தோல் வழியாகப் புகுந்துவிடும்.

காப்பீடு எடுக்கும்போது ரத்த அழுத்தம், சர்க்கரை, பழைய ஸ்டென்ட் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். அங்கே தனியார் மருத்துவமனைகள் தரமானவை, ஆனால் பணத்துக்கு உத்தரவாதம் கேட்டுவிட்டுத்தான் சேர்ப்பார்கள். காட்டிலிருந்து நகரத்துக்கு நோயாளியைக் கொண்டுபோகும் செலவும் காப்பீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆம்புலன்ஸ் எண் 10177, கைபேசியிலிருந்து 112.

வந்த பிறகு வரும் காய்ச்சல்

ஊர் திரும்பிப் பத்து நாளில் காய்ச்சல் வருகிறது. அது ஐப்பசி மாதமாக இருந்தால் வீட்டில் எல்லோரும் சொல்வது டெங்கு. ரத்தம் எடுத்தால் தட்டணுக்கள் குறைந்திருக்கும். சரி, டெங்குதான் என்று படுக்க வைத்துவிடுவார்கள். ஃபால்சிபாரம் மலேரியாவிலும் தட்டணுக்கள் குறையும். வேறோரிடத்தில் மூன்று நாள் டெங்கு என்று பார்க்கப்பட்டு, மஞ்சள் காமாலையோடு என்னிடம் வந்த நோயாளியை எனக்கு மறக்க முடியாது. அவரிடம் யாரும் எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார், தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் இருந்து.

காட்டிலிருந்து வந்த பிறகு ஒரு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருந்தாலும், அன்றைக்கே மலேரியாப் பரிசோதனை செய்ய வேண்டும். மருத்துவர் கேட்காவிட்டாலும் "ஆப்பிரிக்கா போய் வந்தேன்" என்பதுதான் உங்கள் முதல் வாக்கியமாக இருக்கட்டும். ஒரு முறை இல்லை என்று வந்தால் போதாது. 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் திரும்பவும், மூன்று முறை வரை பார்க்க வேண்டும்.

காய்ச்சலோடு உடம்பில் எங்காவது கறுத்த பொருக்கு இருக்கிறதா என்றும் தேடுங்கள். இடுப்பு, தொடை, முழங்காலின் பின்பக்கம். புல்லில் நடந்தவர்களுக்கு வரும் உண்ணிக் காய்ச்சல் அது. நம்மூர் மருத்துவர்களுக்கு இதே மாதிரி பொருக்கு வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் பழக்கம் என்பதால் அந்தப் பொருக்கை உடனே அடையாளம் காண்பார்கள். ஆப்பிரிக்க வகையில் இரண்டு மூன்று பொருக்குகள்கூட இருக்கலாம். நல்ல வேளையாக இரண்டுக்கும் மருந்து டாக்சிசைக்ளின்தான்.

சொன்னதைக் கேட்காமல் ஆற்றில் இறங்கியவர்கள் இரண்டு மூன்று மாதம் கழித்துச் சிறுநீரில் ரத்தம் பார்த்தால், கல் என்று நினைத்து ஸ்கேனோடு நிறுத்திவிடாதீர்கள். பில்ஹார்சியா நம் ஊரில் கிட்டத்தட்ட இல்லாத நோய் என்பதால் மருத்துவருக்குச் சட்டென்று தோன்றாது. எந்த ஆறு, எந்தத் தேதி என்று சொல்லிவிட்டால், சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் செய்து பார்த்து, ப்ராசிகுவான்டெல் மாத்திரையில் முடித்துவிடலாம்.